எல்லாம் மூளைதான்

"குதிகால்! குதிகாலைத் தூக்காதேன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று கத்தினார் கணக்கு வாத்தியார். எதிரே அவர் மனைவி, மருந்துக் கடை வேலை முடிந்து வந்த களைப்போடு, கைகளை முறுக்கிப் பிடித்தபடி முழித்தாள்.

இருவரும் ஒரே கராத்தே வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதில் வந்த வினை.

வாத்தியாருக்கு எதுவும் ஒரு தடவை பார்த்தால் போதும். எதிரில் ஆளே இல்லாமல் தடுப்பு, குத்து, உதை என்று வரிசையாகச் செய்து காட்டுவதற்குக் கட்டா என்று பெயர். மாஸ்டர் செய்வதைப் பார்த்த மாத்திரத்தில் முழுக் கட்டாவையும் மனதில் ஏற்றிக்கொள்வார். அதனாலேயே பயிற்சி என்ற வார்த்தை அவருக்கு ஆகாது.

"ஒண்ணையே திருப்பித் திருப்பிச் செய்யறதெல்லாம் மூளை இல்லாதவங்க வேலை" என்பார்.

போன முறை பழுப்பு பெல்ட் தேர்வில் அவர் தேறவில்லை. தரை வழுக்கிவிட்டதாம்.

"இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா வகுப்புக்கே முழுக்குத்தான்" என்று வேறு சொல்லிவிட்டார். அதைச் செய்யக்கூடியவர்தான் மனுஷன். கிதார், ஸ்கேட்டிங் ஷூ, ஓவியப் பலகை என்று, ஒரே வாரத்தில் கற்று அடுத்த மாதமே அவர் கைகழுவியவை ஒரு பரண் நிறைய கிடந்தன. கராத்தேயும் பரணேறிவிடுமோ என்பதுதான் மனைவியின் கவலை.

அவளுக்கோ எதுவுமே மண்டையில் ஏறுவதாகத் தெரியவில்லை. சாயங்காலமானால் போதும், வந்து நின்றுவிடுவாள்.

"ஏங்க, அந்தத் திருப்பத்தை மட்டும் இன்னொரு தடவை காட்டுங்களேன்."

"நேத்துதானே காட்டினேன்?"

"மறந்துட்டேங்க. என் மண்டை அவ்வளவுதான்."

வாத்தியார் சலித்துக்கொண்டே எழுந்திருப்பார். ஆனால் சொல்லிக் கொடுப்பது என்றால் அவருக்கு உயிர். எழுந்துவிட்டால் பனியன் வியர்வையில் தொப்பலாக நனையும் வரை ஓயமாட்டார்.

"இப்போ பாரு. குதிகால் தரையோட ஒட்டியே இருக்கணும். இப்படி..."

"இப்படியா?"

"ஐயோ, இப்போ தோளைத் தூக்கறியே!"

தோள் சரியானால் கண் தரையைப் பார்க்கும். கண் நிமிர்ந்தால் மறுபடியும் குதிகால் எழும்பும். அவர் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"உனக்குச் சொல்லிக் குடுத்தே என் உயிர் போயிடும் போல."

தேர்வு நாள் வந்தது. வாத்தியார் கட்டாவை ஒரு பிசகும் இல்லாமல் செய்து முடித்தார். மாஸ்டரே எழுந்து வந்து அவர் இடுப்பில் பழுப்பு பெல்ட்டைக் கட்டினார். முதல் கைதட்டல் மனைவியுடையது.

பெல்ட் வாங்கியவர் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம். பேச்சென்றால் வாத்தியாரைக் கேட்கவா வேண்டும்?

"பயிற்சி பயிற்சின்னு உயிரை விடாதீங்க. எனக்காக நான் ஒரு நாள்கூடப் பயிற்சி செஞ்சதில்லை. எல்லாம் மூளைதான்! சந்தேகமிருந்தா என் வீட்டுக்காரியைப் பாருங்க. தினமும் செய்யறா, குதிகால் இன்னும் தரையில நிக்கலை."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"அடுத்து நீங்க வாங்கம்மா" என்று மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவளும் தேர்வுக்கா? வேண்டாம் மாஸ்டர். அவளுக்கு இன்னும் வரலை. இத்தனை பேர் முன்னாடி அவ அவமானப்பட்டா நான் தாங்கமாட்டேன்."

"நீங்க உட்காருங்க சார்."

அவள் ஆரம்பித்தாள். குதிகால் தரையை விட்டு அசையவில்லை. தோள் இறங்கியே இருந்தது. பார்வை நேராகப் பாய்ந்தது. கடைசிக் குத்தில் சட்டைக் கை படீரென்று ஒலித்தது.

வாத்தியாரின் நெஞ்சு விம்மியது. தனக்குப் பெல்ட் கட்டியபோதுகூட இவ்வளவு பெருமை வரவில்லை. யார் தடுத்தும் கேட்காமல் எழுந்து நின்று கைதட்டினார். பெருமை அடங்கிய பிறகுதான் சந்தேகம் தலைகாட்டியது.

பக்கத்தில் வந்தவளிடம் கிசுகிசுத்தார். "இவ்வளவு நல்லா வருதே! அப்புறம் வீட்ல ஏன் அத்தனை தப்பு?"

"அதெல்லாம் என் தப்பு இல்லீங்க, உங்களோடது" என்றாள் அவளும் தணிந்த குரலில். "போன தடவை நீங்க ஏன் தேறலைன்னு மாஸ்டரைக் கேட்டேன். குதிகால், தோள், கண்ணுன்னு சொன்னார். அதையேதான் நானும் வீட்ல தப்பா செஞ்சேன். பயிற்சி பண்ணுங்கன்னா எரிஞ்சு விழுவீங்க. சொல்லிக் குடுங்கன்னா எழுந்து வருவீங்க."



மாஸ்டர் அவளுக்கும் பெல்ட்டைக் கட்டினார். "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

அவள் கூச்சத்தோடு கணவரைப் பார்த்தாள். "எனக்கும் சேர்த்து அவரே சொல்லட்டும்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் மூளைதான்னு சொன்னேன் பாருங்க, அது சரிதான். யாரோட மூளைங்கறதைத்தான் மாத்திச் சொல்லிட்டேன்."