இடப்பக்க யன்னல்

"இஞ்சாருங்கோ, வந்திட்டுதோ?"

திருச்சியிலிருந்து விமானம் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் பிரான்சிஸ்கா தன் கணவரின் சட்டைக் கையை மூன்றாவது தடவையாகப் பிடித்து இழுத்தாள்.

சந்தியோகு கண்களைத் திறக்கவில்லை. "இன்னும் கடலே வரேல்லையப்பா," என்றார்.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடப் பயணம் என்று பணிப்பெண் அறிவித்திருந்தாள்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன்பு இதே கடலை அவர்கள் மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து வள்ளத்தில் கடந்தார்கள். படகோட்டி அவர்களை இந்தியக் கரையில் இறக்கவில்லை. இருட்டோடு இருட்டாக, நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மூன்றாம் நாள்தான் இந்திய மீனவர்கள் வந்து ஏற்றிப்போனார்கள்.

அந்தத் திட்டை அவள் இன்று பார்த்தாக வேண்டும்.

எவரிடமும் எதையும் வற்புறுத்திக் கேட்டறியாதவள், இதற்காக மட்டும், விமான நிலையத்தில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடப்பக்க யன்னலைக் கேட்டு வாங்கியிருந்தாள். அந்தப் பக்கம்தான் தெரியும் என்று அகதி முகாமில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆனால் இடத்தைக் காட்டக்கூடியவர் சந்தியோகு ஒருவரே. அவரோ யன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

அவருக்கு அப்பால் மூன்றாவது இருக்கையில் இருந்தவர் உம்மு குல்சூம். புடைவை வியாபாரத்துக்காக அடிக்கடி திருச்சிக்குப் போய்வரும் மன்னார்க்காரி.

"ஏன் அக்கா இப்பிடி அந்தரப்படுறீங்க? பிளேன் எங்கட ஊரைத் தாண்டிக் கொண்டுபோய்த்தான் இறக்கும். பிறகு மன்னாருக்குத் திரும்பிவர ஒரு பகல் போகும். நடுவில இறங்கப் போறன் எண்டா கதவு திறப்பானோ?"

பிரான்சிஸ்கா மரியாதைக்காகச் சிரித்தாள். விரல்கள் இருக்கைப் பட்டியை இறுக்கின, தளர்த்தின, மறுபடியும் இறுக்கின.

கடல் வந்தது.

முதலில் நீலம் மட்டும். பிறகு பச்சை. பச்சைக்குள் வெள்ளை.

"வந்திட்டுது! எது எண்டு காட்டுங்கோ. தாண்டிடப் போகுது, காட்டுங்கோ!"

இத்தனை காலமும் அவளுடைய மனத்தில் இருந்தது ஒரே ஒரு திட்டு. கீழே கிடந்தவையோ பல. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும், நீண்டும் குறுகியும், சில பாதி நீருக்குள் அமிழ்ந்தும், ஒன்றைப்போலவே மற்றொன்று.

சந்தியோகு அப்போதுதான் கண்களைத் திறந்தார். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அன்று அந்தத் திட்டில், இரண்டாம் நாள் விடியலில் அவள் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தாள். மூச்சு நின்றுபோன அவர்களின் ஐந்து மாதக் குழந்தையைச் சேலைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு திட்டின் மறுமுனைக்கு நடந்து போனவர் அவர். வெறுங்கையோடு திரும்பி வந்தவரும் அவர்தான். அதைப்பற்றி இன்றுவரை அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை.

அவர் சுட்டுவிரலை யன்னல் கண்ணாடியில் வைத்தார்.

"அந்தா. அதுதான்."

அவள் சிலுவை அடையாளம் போட்டாள்.

விமானம் போய்க்கொண்டிருந்தது. விரல் அசையவில்லை. அதன் கீழே அடுத்த திட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

வந்த ஒவ்வொரு திட்டுக்கும் சிலுவை அடையாளம் போட்டாள்.