இரண்டாவது பொட்டலம்

"பசி என்பது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டிருக்கும் சலுகை," என்று எலியேசர் அறிவித்தான். 1985 வெள்ளத்துக்குப் பிறகு, அனகாபுத்தூர் பள்ளிக்கூட முகாமில் புளிசாதப் பொட்டலம் கொடுக்கும் பொறுப்பு இந்தக் கல்லூரி மாணவனுடையது.

எதிரே நின்ற கங்கம்மா நகரவில்லை. அவள் புருஷன் பொன்னுசாமியை ஆறு அடித்துக்கொண்டு போய் ஐந்து நாளாகிறது. தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்பாள்.

"தலைக்கு ஒண்ணுதான்க்கா. அவரை வந்து தலையைக் காட்டச் சொல்லுங்க, தரேன்."

"என் பக்கத்துலதான் நின்னுகினு கீறாரு."

"அப்ப கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

வரிசை சிரித்தது. கங்கம்மா பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள்.

"அவருக்கு வேணாமாம் தம்பி. உன் பின்னாடி நிக்கிற பொண்ணுக்குக் குடுக்கச் சொல்றாரு. காலையிலேர்ந்து ஈரத்தோட நிக்குதாம்."

"எந்தப் பொண்ணு?"

"பச்சைப் பாவாடை. ஒத்தைக் கால்லதான் செருப்பு கீதாம்."

எலியேசர் திரும்பவில்லை. தங்கை தபீதாளைக் காணவில்லை என்று முகாமில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. செம்பாக்கத்துச் சித்தி வீட்டில் பத்திரமாக இருப்பாள் என்றுதான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று ஆற்றோரச் சேற்றில் கிடைத்த அவளுடைய ஒற்றைச் செருப்பு அவன் பைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது.

கங்கம்மாவிடம் இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தான். இன்னொன்றைப் பிரித்து, ஊறுகாயை மட்டும் எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த பெஞ்சில் வைத்தான்.

தபீதாளுக்குக் காரம் ஆகாது.