அடுப்புக்கு நேர் மேலே

முப்பதாயிரம் ரூபாய். மாடியைக் காலி செய்துகொண்டு போகும் செல்வாம்பாளுக்குத் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ். அதில் ஒரு பைசா தருவதில்லை என்று வீட்டுக்காரி சுலோசனா முடிவு கட்டியிருந்தாள்.

சாரம் பகுதியில், வெள்ளிக்கிழமையென்றால் வெங்காயம்கூட நுழையாத வீடு அது. சும்மா கிடக்கிறதே என்று அவள் புருஷன் தெய்வநாயகம்தான் மாடியை மீன் விற்கிறவளுக்கு விட்டார். அன்று பிடித்தது சனி. சமையலறைச் சீலிங்கில், அடுப்புக்கு நேர் மேலே, தண்ணீர் ஊறி ஊறி மஞ்சளாகச் சொட்டியது.

மீனுக்கு மஞ்சள் தடவிக் கழுவிய தண்ணீர், வேறென்ன? ஒருநாள் காய்ச்சிய பாலிலேயே விழுந்தது. சுலோசனா பாலை அப்படியே சாக்கடையில் கொட்டினாள்.

செல்வாம்பாள் விடியலில் கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சுலோசனா மாடி ஏறுவாள். மாடி வாசற்படியைக் கவிச்சி போகக் கழுவிவிட்டு வந்தால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

பிளம்பர் சிலம்பரசன் வந்து எல்லாக் குழாயையும் தட்டிப் பார்த்தான். எதிலும் ஒழுக்கு இல்லை என்றான். அவனுக்கு வஞ்சிரத்தில் இரண்டு துண்டு போயிருக்கும் என்று முணுமுணுத்தாள் சுலோசனா.

ஆடித் தேருக்குச் செல்வாம்பாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வீராம்பட்டினம் போனாள். பூட்டிய மாடிப் பக்கம் சுலோசனாவும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் சீலிங் காய்ந்து கிடந்தது. செல்வாம்பாள் திரும்பிய மறுநாளே அடுப்பு நனைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இன்று சாமான் வண்டியில் ஏறிய பிறகு செல்வாம்பாள் வாசலில் வந்து நின்றாள்.

"மீன நான் வூட்ல கழுவுறதே இல்லம்மா. மார்க்கெட்லயே முடிச்சிட்டு வந்துடுறேன். அந்தப் பணத்த நம்பித்தான் புது வூட்டுக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

"உன் கவிச்சத் தண்ணிய தெனம் வழிச்சு ஊத்துனேனே, அந்தக் கூலிய நான் யார்கிட்ட கேக்கறது?"

செல்வாம்பாள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். தெய்வநாயகம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியது.

சுலோசனாவுக்கு மூச்சு வந்தது. இனி ஒரே தடவை, ஆசை தீர. வழக்கம்போல மஞ்சளும் கோமியமும் கரைத்து, வழக்கத்துக்கு மேலாகவே வாளி வாளியாக மாடி வாசற்படியில் கொட்டித் தேய்த்தாள். படியோரத்து வெடிப்பெல்லாம் மடக் மடக்கென்று குடித்தது. மனசு குளிர்ந்து கீழே இறங்கினாள்.

சமையலறையில் தெய்வநாயகம் காபி டம்ளரோடு நின்றிருந்தார். வழுக்கையில் விழுந்த மஞ்சள் சொட்டைத் தொட்டு, விரலை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார். அடுத்த சொட்டு டம்ளருக்குள் விழுந்தது. டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மேல இப்ப யாரும் இல்ல, சுலோ. பீரோ சாவிய எடு, முப்பதாயிரத்தயும் குடுத்துட்டு வந்துடறேன்."