புலி வராத கூடாரம்

"புலி எங்கேம்மா?" காட்டுச் சுற்றுலாவிலிருந்து திரும்பியவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "ஏசி கூடாரம், வெள்ளித் தட்டுல சாப்பாடு, எல்லாம் இருந்துச்சு. புலியோட வாலைக்கூடக் காணோம்!"

சுற்றுலா நிறுவன மேலாளருக்குப் பொறுமை போயிற்று.

"என்னை ஏன் சார் திட்டறீங்க? 'இந்தக் காட்டுக்கு வந்தவர் எவரும் புலியைப் பார்க்காமல் திரும்பியதில்லை'ன்னு டிவி படத்துல பின்னணிக் குரல் கொடுத்த ஒருத்தன் வாய் கூசாம அளந்தானே, அதைக் கேட்டுத்தான் எல்லாரும் ஓடி வர்றாங்க. தைரியம் இருந்தா அவன் சட்டையைப் போய்ப் பிடிங்க!"

சண்டைக்கு வந்தவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்டுடியோவுல எழுதிக் கொடுத்தாங்க, படிச்சேன்" என்றார். கத்தல் அடங்கிய பிறகுதான் அந்தக் கணீர்க் குரல் அவளுக்குப் பிடிபட்டது.

"படிக்கப் படிக்க நானே நம்பிட்டேம்மா."