எக்ஸ்ட்ரா லைட்டு

"வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கும் அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழறீங்க."

அவன் நிமிரவில்லை. பைக் சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். வாசல் முழுக்க வயர். பக்கத்தில் புதுசாக இரண்டு எக்ஸ்ட்ரா லைட்டு.

"அது நான் காய் நறுக்கற கத்தி."

"வயரைச் சீவிட்டுக் கழுவித் தரேன்."

"சமையல்கட்டுக் குழாய் ஒழுகி ஒரு மாசமாச்சு. அதுக்கு நேரமில்லை. வண்டிக்கு மட்டும் சிங்காரம்."

சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். நிற்கத் தெம்பில்லை. தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிற அக்கா போன வாரம் ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டதிலிருந்து, அந்த மிஷினும் இவள் தலையில்தான்.

"லைட்டு போட்டாலாவது கொஞ்சம் வேகமாப் போவீங்களா? நீங்க ஓட்டற அழகுக்கு எறும்பு முந்திக்கிட்டுப் போகுது. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள தினமும் குழந்தை தூங்கிடறா. என் மூஞ்சியே மறந்துடப் போகுது அவளுக்கு."

"ரோடு சரியில்லை" என்றான்.

எதிர்வீட்டு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, லைட்டைப் பின்னாடி மாட்டியிருக்கே? தாண்டிப் போன ரோட்டுக்கா வெளிச்சம்?"

அப்போதுதான் அவளும் கவனித்தாள். இரண்டு லைட்டும் நம்பர் பிளேட்டுக்குக் கீழே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தன.

"கீழே சாய்ச்சுதான் வச்சிருக்கேண்ணே. பின்னாடி வண்டியில வர்றவங்களுக்குக் கண்ணு கூசாது."

டிரைவர் இவள் பக்கம் திரும்பினார். "நட்டு ஏதாவது கழண்டிருக்கான்னு பாரும்மா. வண்டியில இல்லை."

மறுநாள் ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கம்பெனி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் தெருவிளக்கு கிடையாது. வழக்கம்போல, கூப்பிட வந்த வண்டியில் ஏறினதும் அவன் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி ஊர்ந்தது. அவன் புது சுவிட்சைத் தட்டினான்.

"கொஞ்சம் முறுக்குங்களேன். குழந்தை தூங்கிடுவா."

அவன் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பாடி, இன்னிக்குப் பள்ளம் நல்லாத் தெரியுது. பாத்து வாங்கடி."

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு தைக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், அந்த வெளிச்சத்துக்குள்ளேயே கால் வைத்து நடந்து வந்தார்கள். கடைசியில், அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த அந்த அக்கா, விந்தி விந்தி.

"தினமும் இப்படித்தானா?"

"முன்லைட்டை நம்பித்தான் வந்துக்கிட்டிருந்தாங்க. கடைசியில வர்றவங்களுக்கு அது எட்டலை. அதான் அக்கா விழுந்துட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"குழந்தை தூங்கிடுவான்னு சொல்லுவே."

அவள் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு அவன் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்க. அக்கா பின்தங்கிட்டாங்க."