மாடி விளக்கின் பெயர்

கம்பியில்லாமலே விளக்குகளை ஏற்றும் கூடத்து ரிமோட்டுக்குத் துணையாக, படுக்கையறைக்கென்று ஒரு குட்டி ரிமோட் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்தார்கள். பெரியது விளக்குகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, சின்னது கூப்பிட்டுப் பார்த்தது. மாடி விளக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

“போன மழைக்காலத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள்,” என்றது பெரியது. “தினமும் விளக்கேற்றும் நேரத்தில் கூப்பிடுகிறேன்.”

“பதிலே சொல்லாததையா? நல்ல வேலை, அக்கா. அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.”

“என் பட்டன்கள் தேய்ந்துவிட்டன. நானும் போன பிறகு அது திரும்பி வந்தால், பெயர் தெரிந்தவர் ஒருவராவது வேண்டாமா?”

சின்னது படுக்கையறைக்குப் போனது.

அன்று மாலை கூடத்து ரிமோட் மாடி விளக்கைக் கூப்பிட்டது. பதில் இல்லை. சற்றுப் பொறுத்து, படுக்கையறையிலிருந்து ஒரு குரல் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.