மாடி வரைக்கும் நடக்கணும்

குணமானதும் என்ன செய்ய ஆசை என்று கேட்டு, நோயாளியின் தலைமாட்டுப் பலகையில் எழுதுவது இந்த ஆஸ்பத்திரி வழக்கம். அது நிறைவேறினால்தான் சிகிச்சை பலித்ததாகக் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்து வந்த பெரியவரின் பலகையில், ‘மாடி வார்டிலுள்ள மனைவியை நடந்துபோய்ப் பார்க்கணும்’ என்று நர்ஸின் கையெழுத்து. ஜன்னல் வெயிலில் அவர் கைத்தடியூன்றி நடந்து வந்து நிற்கிறார். “பிரமாதம் தாத்தா! இன்னிக்கு டிக் போட்டுடலாம்,” என்று பிசியோதெரபிஸ்ட் கைதட்டுகிறாள். “மேல கூட்டிட்டுப் போம்மா. நடந்தே வரேன்னு போன்ல அவகிட்ட வீறாப்பா சொல்லியிருக்கேன்,” என்று அவர் நர்ஸிடம் சிரிக்கிறார். அந்த அம்மாள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். தான் வரும்வரை அப்பாவிடம் மூச்சுவிட வேண்டாமென்று மகன் நர்ஸிடம் போனில் கெஞ்சியிருக்கிறான். “உக்காருங்கப்பா, செருப்பு சரியா மாட்டல,” என்று நர்ஸ் மண்டியிடுகிறாள். சரியாகவே மாட்டியிருக்கும் வாரை அவிழ்த்து மாட்டி, மறுபடி அவிழ்க்கிறாள்.